‘தைரியமா இரு’ என்றால் தூக்கம் வந்துவிடுமா?

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெண்ணைப் பார்க்கப் போகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொள்வதோடு இரண்டு வாக்கியங்களையும் தயாராக வைத்துக்கொள்கிறார்கள். “தைரியமா இரும்மா, மனசு தெம்பா இருந்தா எந்த நோயும் ஒண்ணும் செய்யாது” என்பது முதலாவது. “உனக்கென்ன குறை, தாங்குறதுக்கு இத்தனை பேர் இருக்கோம்” என்பது அடுத்தது. அக்டோபர் மாதத்து இளஞ்சிவப்பு ரிப்பன் விழாக்களிலும் தொலைக்காட்சி நேர்காணல்களிலும் இவற்றையே கொஞ்சம் நல்ல தமிழில் சொல்கிறார்கள். நோயை வென்ற பெண்ணை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, “எப்படி ஜெயிச்சீங்க?” என்று கேட்கிறார்கள். அவரும் மன உறுதி என்றும் குடும்பம் என்றும் சொல்லிவிட்டு இறங்குகிறார். இரவில் தூங்குகிறீர்களா என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. மேடைக்கு வெளியிலும் கேட்பதில்லை.

இவற்றை யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்லெண்ணத்துக்கு அடியில் மூன்று நம்பிக்கைகள் கிடக்கின்றன. மன உறுதி இருந்தால் நோய் திரும்பாது என்பது முதல் நம்பிக்கை. நம் குடும்ப அமைப்பே போதுமான ஆதரவு, கவுன்சிலிங் எல்லாம் தனியாக வாழும் வெள்ளைக்காரர்களுக்கு என்பது இரண்டாவது. தூக்கம் வராததற்குக் காரணம் கவலை, கவலைப்படுவதை நிறுத்தினால் தூக்கம் தானாக வரும் என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு. மருத்துவமனையும் குடும்பமும் செய்ய வேண்டிய வேலையை நோயாளியின் மனசின் தலையில் கட்டுவதற்குத்தான் மூன்றும் பயன்படுகின்றன.

இது சிறிய கூட்டத்தின் பிரச்சினை இல்லை. உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பான குளோபோகானின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 98 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதனால் இறந்தார்கள். மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே இந்த நோய் ஏறக்குறைய பத்து வயது முன்னதாகவே வருகிறது. நாற்பதுகளில், பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும்போது, வீட்டுக்கடன் பாதியில் நிற்கும்போது வருகிறது. பிழைத்தவர்களுக்கு முன்னால் இன்னும் இருபது, முப்பது வருட வாழ்க்கை இருக்கிறது. அந்த வருடங்களின் இரவுகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

முதல் நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் ஆய்வுகளின் ஆதரவே இருந்தது. லண்டனில் ஸ்டீவன் கிரீர் குழுவினர் 1979இல் ‘லான்செட்’ இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். ‘போராடிப் பார்ப்பேன்’ என்ற மனநிலையில் இருந்த பெண்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது என்றது அது. ‘எனக்கு ஒன்றுமே இல்லை’ என்று நோயையே மறுத்தவர்களுக்கும் அதே நல்ல பலன் கிடைத்ததாக அதே ஆய்வு சொன்னது. இந்தப் பாதியை மேடையில் யாரும் சொல்வதில்லை. பத்து வருடம் கழித்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பீகல், நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவிவிட்ட 86 பெண்களைப் பற்றி எழுதினார். வாரம் ஒருமுறை குழுவாகக் கூடி மனம்விட்டுப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்தார்கள். அந்த வாய்ப்பு இல்லாதவர்கள் 18.9 மாதம். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின.

அதற்குப் பிறகு நடந்தது அந்த அளவுக்குப் பரவவில்லை. 1999இல், அதே லண்டனில், அதே ‘லான்செட்’டில், மேகி வாட்சன் குழுவினர் 578 பெண்களைக் குறைந்தது ஐந்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டார்கள். கிரீரும் அதில் ஒருவர். போராட்ட குணம் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உயிர்பிழைப்பதில் வித்தியாசமே இல்லை. ஸ்பீகலின் முறையை 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் சோதித்துப் பார்த்தார் பமீலா குட்வின். ஆயுள் கூடவில்லை. ஸ்பீகல் குழுவே மறுபடி செய்து 2007இல் வெளியிட்ட ஆய்விலும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. சின்ன ஆய்வில் தெரிந்தது பெரிய ஆய்வில் கரைந்துபோவது அறிவியலில் வழக்கமாக நடப்பதுதான். தங்கள் பழைய முடிவைத் தாங்களே மறுபடி சோதித்து, கிடைத்த பதிலை மறைக்காமல் வெளியிட்டது அவர்களுடைய நேர்மை. நாம் மட்டும் இன்னும் 1979இலேயே நின்றுகொண்டிருக்கிறோம்.

எதிர்த்தரப்பு இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். அதே வாட்சன் ஆய்வில், நம்பிக்கை இழந்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றிருந்த பெண்களுக்கு முடிவு மோசமாக இருந்ததே, அப்படியானால் தைரியம் சொல்வது சரிதானே? சரியில்லை. நம்பிக்கை முழுக்க வற்றிப்போவது பெரும்பாலும் மனச்சோர்வு நோயின் அறிகுறி. அதற்குத் தேவை சிகிச்சை. மனச்சோர்வு உள்ள நோயாளிகள் மருத்துவர் சொன்னபடி சிகிச்சை எடுக்காமல் விடுவதற்கான வாய்ப்பு மூன்று மடங்கு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் காட்டினார் ராபின் டிமேட்டியோ. மாத்திரை நின்றுபோகிறது, ரிவ்யூ தவறிப்போகிறது. மனம் உடம்பைத் தொடும் வழிகளில் கண்ணுக்குத் தெரிகிற வழி இது. இதில் மந்திரம் எதுவும் இல்லை. அந்த நிலையில் இருப்பவரிடம் “தைரியமா இரு” என்றால், தன்னிடம் எது இல்லையென்று அவர் தவிக்கிறாரோ அதையே கடன் கேட்பது போல ஆகும்.

மன உறுதிக் கொள்கையின் உண்மையான கொடுமை நோய் திரும்பும்போது வெளிப்படுகிறது. தைரியத்தால் ஜெயிக்கலாம் என்றால், தோற்றவர் கோழை என்றாகிறது. “பாவம், மனசை விட்டுட்டா, அதான் திரும்பவும் வந்துடுச்சு” என்று சாவு வீட்டில் பேசுகிறவர்களைக் கேட்டிருப்பீர்கள். கட்டியின் வகை என்ன, எந்த நிலையில் கண்டுபிடித்தார்கள், எத்தனை நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவியிருந்தது, எந்த மருந்து கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதெல்லாம் மறைந்துபோய், பழி முழுக்க செத்தவர்மேல் விழுகிறது. புற்றுநோய் மனநலத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் முதன்மையானவரான நியூயார்க் மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட், நேர்மறையாக நினைத்தே தீர வேண்டும் என்ற இந்தக் கட்டாயத்தைக் கொடுங்கோன்மை என்றே சொன்னார். எழுத்தாளர் பார்பரா எரென்ரைக் தனக்கே மார்பகப் புற்றுநோய் வந்தபிறகு, இளஞ்சிவப்புக் கலாசாரத்தின் கட்டாயப் புன்னகையைக் கடுமையாகத் தாக்கி 2001இல் எழுதினார். கோபப்படும் உரிமையைக்கூட நோயாளியிடமிருந்து அது பறிக்கிறது என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. நம் சினிமாவில் புற்றுநோய் வந்தவர் கைக்குட்டையில் ரத்தத்தைத் துடைத்துவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நிஜப் பெண்ணிடமும் எதிர்பார்க்கிறோம்.

குட்வின் ஆய்வில் நம் மேடைகளுக்குத் தேவையான இன்னொரு செய்தி இருக்கிறது. குழுவில் பேசிய பெண்களுக்கு ஆயுள் கூடவில்லை. ஆனால் அவர்கள் மனத்துயரமும் வலியுணர்வும் குறைந்தன, முக்கியமாக ஆரம்பத்திலேயே அதிகத் துயரத்தில் இருந்தவர்களுக்கு. ஆயுளைக் கூட்டாவிட்டால் ஆதரவு எதற்கு என்று கேட்பவர்கள், இருக்கிற நாட்களை வலி குறைவாகக் கழிப்பதற்கு மதிப்பே இல்லையா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்து குடும்பம். மறுப்புக் கட்டுரை என்பதற்காகக் குடும்பத்தைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. கீமோவுக்கு முதல் நாளே பஸ் ஏறி, மருத்துவமனை வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்து, அடகுக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடக்கிற கணவன்மாரையும் அண்ணன்மாரையும் எந்தப் புற்றுநோய் மருத்துவமனையிலும் பார்க்கலாம். அவர்கள் இல்லாவிட்டால் இங்கே பாதிப் பேருக்குச் சிகிச்சையே நடக்காது. உறவு முக்கியம் என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்த 2,835 செவிலியர்களைப் பற்றி கேண்டிஸ் குரோன்கே 2006இல் வெளியிட்ட ஆய்வில், உறவும் நட்பும் அற்றுத் தனித்திருந்தவர்கள் இறக்கும் அபாயம் 66 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இதைக் கையில் எடுத்துக்கொண்டு “பார்த்தாயா, நம் கூட்டுக்குடும்பத்தின் மகிமையை” என்று கிளம்புகிறவர்கள், அதே குரோன்கே பின்னர் 2,264 பெண்களிடம் செய்த ஆய்வையும் படிக்க வேண்டும். உறவு வட்டம் சிறியதாக இருந்தும் அதிலிருந்து நல்ல ஆதரவு கிடைத்த பெண்கள், பெரிய வட்டம் உள்ளவர்களைவிடக் கெட்டுப்போகவில்லை. வட்டமும் சிறியது, ஆதரவும் இல்லை என்றிருந்தவர்களுக்குத்தான் அபாயம் கூடியது. அதாவது, வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு உதவாது. அவர்களில் எத்தனை பேரிடம் நோய் வந்த பெண்ணால் உண்மையைச் சொல்ல முடிகிறது என்பதுதான் கணக்கு.

நம் வீடுகளில் அதற்கு எவ்வளவு இடம்? நோய் உறுதியான அன்றே முதல் கட்டளை வந்துவிடும்: “வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம். பொண்ணு கல்யாணம் முடியட்டும்.” பரம்பரை நோய் என்று பெயர் விழுந்தால் மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயம். மார்பகப் புற்றுநோயில் சுமார் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருகிற மரபணுக் கோளாறால் என்பதை யாரும் அந்த வீட்டுக்கு விளக்குவதில்லை. ஆகவே அவள் விக் வைத்துக்கொண்டோ முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டோ “கர்ப்பப்பை ஆபரேஷன்” என்று சொல்லிப் பழகுகிறாள். தெரிந்தவர்களிடமும் பேச முடியாது. அழுதால் அம்மாவுக்கு பிரஷர் ஏறும், பயம் என்றால் கணவர் முகம் மாறும், பிள்ளைகளுக்குப் பரீட்சை. பார்க்க வருகிறவர்களோ “எங்க ஒண்ணுவிட்ட அத்தைக்கும் இதேதான், அஞ்சாவது வருஷம் எலும்புக்குப் போயிடுச்சு” என்று கதை சொல்லி, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். சுற்றிலும் ஆட்கள் இருந்தும் பேச விடாத சூழல், வேண்டாத நினைவுகளை மனத்தில் திரும்பத் திரும்ப ஓடவிட்டுத் துயரத்தைக் கூட்டுகிறது என்பது உளவியலில் பல ஆய்வுகள் காட்டிய முடிவு.

ஓ.பி.யில் நடப்பதைக் கவனியுங்கள். மருத்துவர் ஃபைலைப் புரட்டியபடி கேட்கிறார்: “எப்படி இருக்காங்க?” கேள்வியே படர்க்கையில். கணவர் பதில் சொல்கிறார்: “நல்லா இருக்கா டாக்டர். நல்லா சாப்பிடுறா.” மாத்திரை தவறாமல் போடுகிறாரா என்று அடுத்த கேள்வி. அதற்கும் அவரே தலையாட்டுகிறார். “சரி, ஆறு மாசம் கழிச்சு வாங்க.” முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் வாயே திறக்கவில்லை. வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள், மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மனைவிமேல் கணவருக்குப் பிரியமும் இருக்கலாம். ஆனால் அவள் எப்படி இருக்கிறாள் என்ற செய்தி அந்த அறைக்குள் வரவே இல்லை. அவளிடம் நேரடியாக, முடிந்தால் தனியாக, கேட்டால்தான் வரும்.

தலையில் முடி வளரத் தொடங்கியதும் குடும்பத்தின் கவனம் கலைகிறது. “இப்பதான் நல்லாயிட்டியே” என்று குடமும் கிரைண்டரும் அவள் கைக்குத் திரும்புகின்றன. அக்குளில் நிணநீர்க் கட்டிகளை எடுத்த பக்கத்துக் கை மாலைக்குள் வீங்கிக் கனக்கிறது. சிகிச்சைக்கு வைத்த நகை இன்னும் அடகில். அவள் மனத்தைப் பிசைவது எல்லா நேரமும் மரண பயம் இல்லை, பல இரவுகளில் வட்டிக் கணக்கு. அதனால்தான் ஆதரவை ஒரே பொருளாகப் பேசக் கூடாது. பேச்சைக் கேட்கும் ஆதரவு, தகவல் தரும் ஆதரவு, கைவேலையிலும் காசிலும் உதவும் ஆதரவு என்று தனித்தனியாக உண்டு. பணமுடையில் இருப்பவருக்குத் தியான வகுப்பும் பயத்தில் இருப்பவருக்குச் சத்துமாவும் தருவது தவறான இடத்தில் மருந்து தடவுவது.

கவுன்சிலிங் ஆர்வலர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆதரவுக் குழு என்று பத்துப் பேரை உட்காரவைத்துப் பேசவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்பதும் உண்மையில்லை. அமெரிக்காவில் விக்கி ஹெல்கசன் குழுவினர் 312 பெண்களிடம் செய்த ஆய்வில், நோயைப் பற்றியும் அதைச் சமாளிப்பதைப் பற்றியும் தெளிவான தகவல் தந்த குழுக்களே பொதுவாக அதிகம் உதவின. வெறுமே மனம்விட்டுப் பேசும் குழு, வீட்டில் துணைவரின் ஆதரவு இல்லாத பெண்களுக்கு உதவியது. நல்ல ஆதரவு ஏற்கெனவே இருந்தவர்களுக்குச் சில அளவுகளில் கெடுதலே செய்தது. யாருக்கு என்ன இல்லை என்று கேட்டறிந்து தருவதுதான் ஆதரவு. குடும்பமே போதும் என்று சொல்வது எப்படிக் கேட்காமல் கொடுத்த தீர்ப்போ, கவுன்சிலிங்கே போதும் என்பதும் அப்படித்தான்.

இனி தூக்கம். கவலைதான் காரணம் என்கிறவர்கள் அந்த இரவை ஒருமுறை கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். மணி ஒன்றரை. ஹாலில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் திடீரென்று அனல் ஏறுகிறது. நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. ஃபேனைக் கூட்டினால் மாமியாருக்கு ஆகாது. போர்வையைத் தள்ளினால் சற்று நேரத்தில் வியர்வை ஆறிக் குளிர்கிறது. ஆபரேஷன் செய்த பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. யாரையும் எழுப்பாமல் அடுக்களைக்குப் போய், தண்ணீர் குடித்து, தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறாள். மூன்று மணிக்கு மறுபடி அதே அனல். ஐந்து மணிக்குப் பால்காரர்.

இதில் கவலை எங்கே இருக்கிறது? இது டாமாக்ஸிஃபென். ஈஸ்ட்ரோஜனைத் தடுப்பதற்காக ஐந்து வருடமும் சிலருக்குப் பத்து வருடமும் தரப்படுகிற மாத்திரை. அனல் ஏறுவது அதன் மிகப் பரவலான பக்கவிளைவு. மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் வகை மாத்திரைகள் மூட்டு மூட்டாக வலியைக் கொடுக்கும். கீமோ பல இளம் பெண்களின் மாதவிடாயை ஒரே தாவலில் நிறுத்திவிடுகிறது. இயற்கையில் சில வருடங்களாக மெல்ல வரும் மாற்றம் சில வாரங்களில் வந்து இறங்குகிறது. கீமோ நாட்களில் வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுப்பதில் பேர்போனது. கவலையும் உண்டுதான், அடுத்த ஸ்கேனுக்கு முந்தைய வாரம் எல்லாருக்கும் தூக்கம் போகும். ஆனால் கவலையைக் கழற்றி வைத்தாலும் இந்த மருந்துகளின் வேலை நிற்காது.

அதைவிட முக்கியம், தூக்கமின்மை ஒருமுறை வேரூன்றினால் காரணம் போன பின்னும் போவதில்லை. கனடாவின் கியூபெக்கில் ஜோசே சவார் 300 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் 2001இல் செய்த ஆய்வில் 19 சதவீதம் பேருக்கு, நோய் என்றே சொல்லத்தக்க அளவு தூக்கமின்மை இருந்தது. அவர்களில் 95 சதவீதம் பேருக்கு அது நாள்பட்டதாக மாறியிருந்தது. நாள் போனால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இந்த ஒரு எண்ணே போதும்.

அது எப்படி வேரூன்றுகிறது என்பதில் நம் குடும்பப் பாசத்துக்கும் பங்குண்டு. “நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், போய்ப் படு” என்று பகலெல்லாம் படுக்க வைக்கிறோம். பகலில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தால் இரவின் தூக்கப்பசி தீர்ந்துபோகிறது. ராத்திரி தூங்கவில்லையே என்று எட்டு மணிக்கே படுக்க அனுப்புகிறோம். படுக்கையில் விழித்துக் கிடக்கும் நேரம் கூடக் கூட, படுக்கையைப் பார்த்தாலே விழிப்பு வரும் பழக்கம் உடம்பில் படிகிறது. பாசத்தால் செய்த ஒவ்வொன்றும் நோயை ஊட்டி வளர்க்கிறது.

மறுநாள் மருந்துக் கடையிலோ தெரிந்த டாக்டரிடமோ ஒரு தூக்க மாத்திரை. அல்பிரசோலம் போன்றவை சில நாட்களுக்கு உதவும். தொடர்ந்தால் பழகிப்போகும், நிறுத்தினால் தூக்கம் இன்னும் மோசமாகும். லெட்ரோசோல் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பும் தேய்கிறது. மாத்திரை மயக்கத்தில் நடுராத்திரி பாத்ரூமில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அனலுக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மருந்துகளிலும் பொறி இருக்கிறது. பராக்ஸிடின் டாமாக்ஸிஃபென்னை உடம்பு பயன்படுத்துவதையே தடுக்கும். வென்லாஃபாக்ஸின் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. பழைய சீட்டைக் காட்டாமல் வேறொரு டாக்டரிடம் மாத்திரை வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது ஒன்றே உதாரணம்.

மாத்திரை இல்லாத சிகிச்சை இருக்கிறது. அது புதிதும் இல்லை. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. பேர்தான் பெரிது, செய்முறை எளிது. தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று நோட்டில் எழுதுவது. எவ்வளவு தூங்குகிறோமோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் மட்டும் படுக்கையில் இருப்பது. தூக்கம் கூடக் கூட அந்த நேரத்தையும் கூட்டுவது. எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது. கால் மணி நேரத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து போய்விடுவது. இன்று தூங்காவிட்டால் நோய் திரும்பிவிடும் என்பது போன்ற பயங்களைப் பேசித் தீர்ப்பது. பயிற்சி பெற்ற ஒருவர் வழிகாட்ட, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முடிந்துவிடும். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடமே இது பலன் தருவதை சவார் 2005இல் காட்டினார். பாயில் படுக்கும் வீட்டில் இது இன்னும் சுலபம். விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டால் பகல் தூக்கத்துக்கு இடமே இல்லை.

யோகா என்றதும் சிலர் முகம் மலரும். அதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் கேரன் மஸ்டியன் குழுவினர் 410 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இருமுறை வீதம் நான்கு வாரம் எளிய யோகா செய்தவர்களின் தூக்கம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட மேம்பட்டது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள். அது தூக்கத்துக்கான பயிற்சி. நோயை விரட்டும் வித்தை என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. அந்த எல்லையைத் தாண்டி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

தூக்கத்தை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா, உயிர் பிழைத்ததே போதாதா என்று கேட்பவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே பதில் உண்டு. வட கலிபோர்னியாவில் 8,769 பெண்களின் மருந்துப் பதிவுகளை டான் ஹெர்ஷ்மன் பார்த்தபோது, ஹார்மோன் மாத்திரையை முழுக் காலமும் சரியாகச் சாப்பிட்டவர்கள் 49 சதவீதம் மட்டுமே. பாதியில் விடுவதற்கான காரணங்களில் பக்கவிளைவுகள் முன்னால் நிற்கின்றன. இரவெல்லாம் அனலில் வெந்தவள் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிறாள். நோய் திரும்பாமல் காக்க வந்த மாத்திரை அட்டையோடு அலமாரியில் கிடக்கிறது. அவள் தூக்கத்தைக் கவனித்திருந்தால் அந்த மாத்திரையையும் காப்பாற்றியிருக்கலாம்.

“இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை, இங்கே மனநல மருத்துவரே போதாது” என்பது கடைசி எதிர்வாதம். மருத்துவர் போதாதது உண்மை. எல்லாவற்றுக்கும் மருத்துவர் வேண்டும் என்பது உண்மையில்லை. கோவாவில் சங்காத் அமைப்பின் விக்ரம் பட்டேல் குழுவினர், மருத்துவப் படிப்பு இல்லாத சாதாரண உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை கொடுத்துப் பலன் காட்டி 2017இல் ‘லான்செட்’டில் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு வீடாகப் போகிறார்கள். பிரஷர் பார்க்கிற கைக்கு, “ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்கக்கா?” என்ற கேள்வி பாரம் ஆகாது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. முடியாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே மறுப்பு இருக்கும்போது, மற்ற மருத்துவமனைகள் காரணம் சொல்வது எடுபடாது.

அளவெடுக்கவும் பெரிய கருவி தேவையில்லை. துயரத்தை 0 முதல் 10 வரை எண் போட்டுக் காட்டச் சொல்லும் ஒற்றைத் தாள், தெர்மாமீட்டர் படத்தோடு, உலகின் பல புற்றுநோய் மருத்துவமனைகளில் இருபது வருடத்துக்கும் மேலாகப் பயன்பாட்டில் இருக்கிறது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். ஓ.பி. வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் ஒரு செவிலியர் இதை முடித்துவிடலாம்.

ஆகவே, புற்றுநோய்ப் பிரிவு நடத்தும் ஒவ்வொரு மருத்துவமனையும், அரசுடையதோ தனியாருடையதோ, ரிவ்யூ சீட்டில் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும்: தூக்கம், துயர எண், மாத்திரையால் வரும் தொல்லை. மூன்றையும் அந்தப் பெண்ணிடமே கேட்டு எழுத வேண்டும். வாரத்தில் குறைந்தது மூன்று இரவு தூக்கமில்லாமல் மூன்று மாதம் போயிருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் தூக்கமின்மை என்று குறித்து, அதற்கான ஆளிடம் அனுப்ப வேண்டும். குடும்பத்தார் பகலில் அவரைப் படுக்கச் சொல்வதை நிறுத்திவிட்டு, மாலையில் கூட நடக்கப் போகலாம். குடத்தைத் தாங்களே தூக்கலாம். இதைப் படிக்கிற பெண்ணுக்கு அந்த இரவுகள் பழக்கமென்றால், மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். அடுத்த ரிவ்யூவில் கணவர் பதில் சொல்லும் முன் வாய் திறந்து சொல்லுங்கள். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

தூக்கமில்லாமல் தவிக்கும் பெண்ணுக்குத் தைரியத்தில் குறை ஒன்றும் இல்லை. மார்பை இழந்து, கீமோவைத் தாங்கி, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, கடனையும் சுமந்து வந்தவருக்கு இனி தைரியம் கற்றுத்தரும் தகுதி நம்மில் யாருக்கும் கிடையாது. அவருடைய தூக்கமின்மை பெரும்பகுதி சிகிச்சையின் பின்விளைவு. அதற்குச் சிகிச்சை உண்டு. அதைத் தருவது மருத்துவமனையின் கடமை.